பாதாம், பிஸ்தா சீவும் கருவி: தீபாவளிக்கு வாங்கியது

பாத்திரக் கடையில் 180 ரூபாய்க்கு இதை வாங்கினேன். மேலே பருப்பைப் போட்டு, மூடியால் அழுத்திக்கொண்டே கைப்பிடியைச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். போன வருஷம் கத்தியால் நறுக்கியதில் பாதிப் பாதாம் பொடியாகிவிட்டது. இந்த முறை கேசரி மேல் தூவிய சீவல் ஒவ்வொன்றும் மெல்லிசாக, முழுசாக வந்தது.

ஒரு விஷயம் முக்கியம். காய்ந்த பாதாமை அப்படியே போட்டால் உடைந்துவிடும். வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, தோலை உரித்து, துணியில் ஒற்றி, லேசான ஈரம் இருக்கும்போதே சீவிவிடுங்கள். பிஸ்தாவுக்கும் இதேதான், ஆனால் உப்புப் போடாததாகப் பார்த்து வாங்குங்கள். தோல் போனதும் தெரியும் அந்தப் பச்சை, குங்குமப்பூ கரைத்த பாயசத்தின் மேல் விழும்போது அத்தனை அழகு! அம்மா கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

குறை என்றால், கடைசி நாலைந்து பருப்பு அடியில் சிக்கிக்கொள்கிறது. பிளேடு இடுக்கைப் பழைய பல் பிரஷால்தான் தேய்க்க வேண்டும், விரலை விடாதீர்கள். அப்புறம், முந்திரிக்கு இது வேண்டாம். அதை இரண்டாக உடைத்து நெய்யில் பொன்னிறமாக வறுத்துப் போடுவதுதான் சரி.