வேகமான எஸ்எஸ்டியா, சிக்கனமான எஸ்எஸ்டியா, புதுப் பேட்டரியா?

போன ஐப்பசியில் என் லேப்டாப்பில் எஸ்எஸ்டி போட்டேன், சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே தகவலைச் சேமிக்கும் டிரைவ். ஹார்ட் டிஸ்க்கோடு இருந்தபோது நாலரை மணி நேரம் நின்ற பேட்டரி, போட்ட மறுநாளே மூணேகால் மணி நேரத்துக்கு இறங்கிவிட்டது. எஸ்எஸ்டி என்றால் கரண்ட் மிச்சம் என்று பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எனக்கு நேர்மாறாக நடந்தது.

எங்கள் வீடு கோத்தகிரிக்குக் கீழே ஒரு சரிவில். தேயிலை பேக்டரிக்கு இலை போடுகிறவர்களின் கணக்கை வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன்: தினசரி கிலோ, முன்பணப் பிடித்தம், உரப் பிடித்தம். எங்கள் பக்கத்துக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஒரு கற்பூர மரம் கம்பி மேல் சாய்ந்தால் லைன்மேன் வந்து வெட்டி எடுக்கும்வரை கரண்ட் கிடையாது. அந்த நேரத்தில் மாதக் கணக்கு முடிப்பதற்கு லேப்டாப் பேட்டரிதான் கதி. மூணேகால் மணி நேரம் அதற்குப் பத்தாது.

கோவையில் ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப்போனேன். திருப்பிக்கூடப் பார்க்காமல், "பேட்டரி அவ்ளோதாங்ணா, மாத்தீருங்க" என்றார் கடைத் தம்பி. 3,800 ரூபாய் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று மேட்டுப்பாளையம் பஸ் ஏறிவிட்டேன். வரும் வழியெல்லாம் ஒரே யோசனை: முந்தாநாள் வரை நன்றாக இருந்த பேட்டரி, எஸ்எஸ்டி போட்ட அன்றைக்கா சாகும்?

வீட்டுக்கு வந்ததும் விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி கட்டளை கொடுத்து பேட்டரி ரிப்போர்ட் எடுத்தேன். பேட்டரி புதிதாக இருந்தபோது கொள்ளளவு 41,000 மில்லிவாட்-மணி, இப்போது முழுதாக ஏற்றினால் 33,100. அஞ்சில் ஒரு பங்கு தேய்ந்திருக்கிறது, 2019-இல் வாங்கிய மெஷினுக்கு அது நியாயம்தான். ஆனால் அந்தத் தேய்மானம் எஸ்எஸ்டி போடுவதற்கு முன்பும் இருந்ததுதானே.

அப்புறம்தான் அளக்க ஆரம்பித்தேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பேட்டரியை மணிக்கணக்கில் அளந்தால் ஏமாந்துபோவோம். மார்கழிக் காலையில் அறை பத்து டிகிரியில் கிடக்கும்போது லித்தியம் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகும், உள்தடை ஏறும், வோல்டேஜ் சீக்கிரம் சரியும். அதே மெஷின், அதே வேலை, மதியத்தைவிட அரைமணி முன்னாலேயே அணைந்துவிடும். அதனால் மணியை விட்டுவிட்டு வாட் பார்த்தேன். ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், சார்ஜரைப் பிடுங்கியதும் பேட்டரியிலிருந்து எத்தனை வாட் போகிறது என்று காட்டும். திரை வெளிச்சம் ஒரே அளவு, வைஃபை ஆஃப், எக்செல் மட்டும் திறந்து பத்து நிமிஷம் கை வைக்காமல் விட்டால் எண் நிலைத்துவிடும். என் மெஷினில் வந்தது 10.1 வாட். ஹார்ட் டிஸ்க் காலத்தில் 33 வாட்-மணியை நாலரை மணி நேரத்தில் குடித்தது என்றால் அப்போது சுமார் 7.4. மூன்று வாட் எங்கிருந்தோ வந்து ஒட்டியிருக்கிறது.

இதில் ஒரு பங்கு என் புத்திசாலித்தனம். எஸ்எஸ்டி மதர்போர்டில் உள்ள எம்.2 என்ற தனிச் சின்ன ஸ்லாட்டில் போய்விட்டதால் பழைய ஹார்ட் டிஸ்க்கைப் போட்டோ வைக்க உதவும் என்று உள்ளேயே விட்டிருந்தேன். இருபது நிமிஷம் தொடாமல் விட்டால் நின்றுவிடும் என்று செட்டிங்ஸ் சொல்கிறது. விண்டோஸ் தேடல் அட்டவணை போடுகிறேன் என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போய் அதைத் தட்டி எழுப்புகிறது. கழற்றி யூஎஸ்பி பெட்டியில் போட்டதும் 9.2.

புதிதாக விண்டோஸ் ஏற்றினால் முதல் இரண்டு நாள் எதையும் நம்ப வேண்டாம். அப்டேட், அட்டவணை, டிரைவைக் குறியாக்கம் செய்யும் வேலை எல்லாம் பின்னால் ஓடும். லேப்டாப் கம்பெனியின் சிப்செட் டிரைவர், கிராபிக்ஸ் டிரைவர் போட்டேன். பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் (எஸ்எஸ்டியை மதர்போர்டோடு இணைக்கும் பாதை) என்ற தலைப்பின் கீழ் 'லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்' இருக்கும், அதை 'மேக்ஸிமம் பவர் சேவிங்ஸ்' ஆக்கினேன். சில மெஷின்களில் இந்த வரியே கண்ணுக்குத் தெரியாது. எஸ்எஸ்டிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரையும் புதுப்பித்தேன். எல்லாம் சேர்ந்து 8.1-க்கு வந்தது. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது.

இனி விஷயம் எஸ்எஸ்டியிலேயே. நான் வாங்கியது ஜென்4 வகை (பிசிஐ எக்ஸ்பிரஸின் நான்காம் தலைமுறை), சொந்தமாக டி-ரேம் என்ற தற்காலிக நினைவகச் சிப் உள்ளது, நொடிக்கு 7,000 எம்பி என்று அட்டையில் போட்டிருந்தது. என் லேப்டாப்போ ஜென்3. அதன் நான்கு பாதையிலும் சேர்த்து 3,500-ஐத் தாண்டாது. அதாவது பாதி வேகத்துக்குக் காசு கொடுத்து மேட்டுப்பாளையத்திலிருந்து சுமந்து வந்திருக்கிறேன். சரி, போகட்டும். வேகம் வீண் என்பதுகூடப் பெரிய நஷ்டமில்லை.

நஷ்டம் அது சும்மா இருக்கும் நேரத்தில். எஸ்எஸ்டி வாங்கும்போது எல்லோரும் எழுதும் வேகம், படிக்கும் வேகம் பார்க்கிறோம். வேலை செய்யும்போது இதுபோலப் பிசிஐ பாதையில் ஓடும் வேகமான என்விஎம்இ டிரைவ் ஆறேழு வாட் வரை இழுக்கும்தான், ஆனால் அது சில நொடிகள். கணக்கு எழுதுகிற லேப்டாப்பில் டிரைவ் பெரும்பாலான நேரம் தூங்க வேண்டிய பொருள். அது எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறது என்பதுதான் பேட்டரியைத் தீர்மானிக்கிறது.

தூக்கத்துக்குப் படிகள் உண்டு. வழக்கமாக பிஎஸ்0 (முழு விழிப்பு) முதல் பிஎஸ்4 (ஆழ்ந்த தூக்கம்) வரை ஐந்து. சிறிது நேரம் வேலை வராவிட்டால் டிரைவ் தானாகவே படி இறங்கும், அதற்கு ஏபிஎஸ்டி என்று பெயர். கடைசிப் படியில் சில மில்லிவாட்தான். அட்டையில் போடுகிற அழகான எண் அதுதான். ஆனால் டிரைவ் மட்டும் தூங்கினால் போதாது, அதை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ பாதையும் கூடவே உறங்க வேண்டும். இரண்டில் ஒன்று முழித்திருந்தாலும் அந்த எண் கிடைக்காது. மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தாலும் கண்ணைத் திறந்து வைத்திருக்கும் குழந்தை மாதிரி, என் மெஷினில் அந்த ஜென்4 டிரைவ் கடைசிவரை தூங்கவில்லை.

எப்படித் தெரியும் என்றால், சூட்டை வைத்துத்தான். அறை 17 டிகிரி, நான் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வேலையும் இல்லாத டிரைவ் 52 டிகிரி காட்டியது. இடது கை வைக்கும் இடத்தில் பிளாஸ்டிக் வெதுவெதுவென்று இருக்கும். மழைநாளில் அம்மா வந்து அங்கே உள்ளங்கையை வைத்து, "இது நல்லா இருக்குதே" என்றார். அம்மா குளிர்காய்ந்தது என் பேட்டரியில்.

அதைக் கழற்றிவிட்டு ஒரு சாதாரண ஜென்3 டிரைவ் வாங்கினேன். 512 ஜிபி, டி-ரேம் கிடையாது, வாங்கிய சமயத்தில் 3,200 ரூபாய். டி-ரேம் இல்லாததற்குப் பதில் லேப்டாப்பின் ரேமிலிருந்து சில பத்து எம்பி மட்டும் கடன் வாங்கிக்கொள்ளும். டிரைவை நடத்தும் சிப்பான கன்ட்ரோலரும் சின்னது, நினைவகச் சிப்புகளுக்குப் போகும் சேனல் எட்டுக்குப் பதில் நான்கு. அதே அறை, அதே வெளிச்சம், அதே எக்செல்: 6.6 வாட், டிரைவ் 34 டிகிரி. பழைய ஹார்ட் டிஸ்க் காலத்தைவிடவும் குறைவு. அதே தேய்ந்த பேட்டரியில் ஐந்து மணி நேரம்.

இப்போது பேட்டரி வாங்கும் யோசனையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைத் தம்பி சொன்னபடி வேகமான டிரைவை விட்டுவிட்டுப் புதுப் பேட்டரி போட்டிருந்தால், 41 வாட்-மணியை 8.1-ஆல் வகுத்தால் அதுவும் ஐந்து மணி நேரம்தான். முதல் நாளில் இரண்டும் சமம். ஆனால் புதுப் பேட்டரி அன்று முதல் தேய ஆரம்பிக்கும். குறைத்த ஒன்றரை வாட் தேயாது, நாளைக்குப் பேட்டரி மாற்றினால் அதன் மேலும் சேரும். செலவில் அறுநூறு ரூபாய் வித்தியாசம், அதை விடுங்கள். எனக்கு முடிவெடுக்கப் போதுமான காரணம் இந்தத் தேய்மானக் கணக்குதான். ரிப்போர்ட்டில் கொள்ளளவு பாதிக்குப் பக்கமாக வந்துவிட்டது என்றாலோ, உப்பி டச்பேடைத் தூக்குகிறது என்றாலோ வாதமே வேண்டாம், பேட்டரிதான் முதலில். உப்பிய பேட்டரியை ஒருநாள்கூட உள்ளே வைத்திருக்கக் கூடாது.

ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்திலேயே மாட்டும் சாட்டா எஸ்எஸ்டி பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. எம்.2 ஸ்லாட் இல்லாத பழைய லேப்டாப் என்றால் அதுதான், வேறு வழியில்லை. நொடிக்கு 550 எம்பிக்குள் நின்றுவிடும், ஆனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருகிறவர்களுக்கு அதுவே பறப்பதுபோல இருக்கும். நன்றாகவும் தூங்கும். தங்கையின் லேப்டாப்பில் மூன்று வருஷமாக ஒன்று ஓடுகிறது, ஒரு புகாரும் இல்லை. வாட் அளந்து பார்த்ததில்லை.

சிக்கன டிரைவின் குறையையும் சொல்லிவிடுகிறேன். பங்காளி வீட்டுக் கல்யாண வீடியோ 90 ஜிபி ஏற்றினேன். முதல் முப்பது ஜிபி சர்ரென்று போனது. அப்புறம் அதன் வேக இடையகம் (வரும் தகவலை முதலில் வேகமாக வாங்கி வைக்கும் பகுதி) நிறைந்து, ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு இறங்கி நொண்ட ஆரம்பித்தது. நான் டீ போட்டுக் குடித்து, கோழிக்கூட்டை மூடிவிட்டு வந்தும் முடியவில்லை. தினமும் வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்கள் இதை வாங்கினால் என்னைத் திட்டுவார்கள். அவர்களுக்கு டி-ரேம் உள்ள டிரைவே சரி, ஆனால் அவர்கள் சார்ஜரோடுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொன்று. நான் பார்த்தது ஒரே ஒரு இன்டெல் எட்டாம் தலைமுறை லேப்டாப், ஆறு மாதம். புது மெஷின்களில் ஜென்4 டிரைவே ஒழுங்காகத் தூங்கக்கூடும். அதனால் வாங்கியதும் வாட் பாருங்கள், திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள். லினக்ஸை பென்டிரைவில் போட்டு ஒரு மாலை மட்டும் ஓட்டினேன். அங்கே இந்தத் தூக்க விஷயத்தை கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) அளவுருவில் தொட்டுத் திருத்தலாம், எவ்வளவு ஆழமான படி வரை அனுமதி என்று சொல்லலாம். ஆனால் ஒரு மாலை அனுபவத்தை வைத்து அறிவுரை சொல்ல மாட்டேன்.

வேகமான டிரைவ் வீணாகவில்லை. மேட்டுப்பாளையத்தில் அக்கா பையனின் டெஸ்க்டாப்பில் ஜென்4 ஸ்லாட் இருந்தது. "மாமா, கேம் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வருது" என்கிறான். அங்கே அது தூங்காவிட்டாலும் யாருக்கும் கவலையில்லை.

போன வாரம் மறுபடி ரிப்போர்ட் எடுத்தேன், 32,400 காட்டியது. 25,000-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி வாங்கக் கோவைக்குப் போவேன், அந்தத் தம்பியிடமேதான். 3,800-க்கே கொடுப்பாரா என்று தெரியவில்லை.