சுகர் உள்ளவர்களுக்கு: ஊரில் வேர் சிகிச்சை, லீவின் முதல் வாரத்திலேயே

வெளியூரிலிருந்து மூன்று வார லீவில் திருநெல்வேலிக்கு வருகிறவர்கள் வேர் சிகிச்சை (ரூட் கேனால்) மாதிரிப் பல் வேலையைக் கடைசி நாட்களுக்குத் தள்ளிவிடுகிறார்கள். சுகர் இருந்தால் அது பெரிய தவறு. வந்த மறுநாளே லேப், அதற்கடுத்த நாள் பல் மருத்துவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நரம்பு செத்த பல்லில் கிருமி வேர் நுனியைத் தாண்டி எலும்பை அரிக்கும். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் வெள்ளையணுக்கள் மந்தமாகும், அரித்த எலும்பு வளரவும் தாமதமாகும். அந்தத் தொற்றே சர்க்கரையை இன்னும் ஏற்றவும் செய்யும். வலியே இல்லாமலும் இது நடக்கும். அதனால் பழைய கேப் போட்ட பற்களையும் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

லேப்பில் எடுக்க வேண்டிய சர்க்கரை டெஸ்ட்: வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து ஒன்று, கூடவே மூன்று மாதச் சராசரி (HbA1c). சராசரி 7க்குப் பக்கத்தில் இருந்தால் தயங்க வேண்டாம். 9, 10 என்றால் சுகர் டாக்டரையும் பார்க்க வேண்டும். ஆனால் முகம் வீங்கிச் சீழ் கட்டியிருந்தால் சர்க்கரை இறங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சீழ் வெளியேறினால்தான் சர்க்கரையும் அடங்கும். வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாவிட்டாலோ நேரே ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மெடிக்கலில் பல்வலி என்று சொல்லி ஆஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த மாத்திரை வாங்கிப் போடுகிற பழக்கம்தான் எங்களை மிகவும் கவலைப்படுத்துகிறது. கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம். செத்த நரம்புக்குள் ரத்த ஓட்டமே இல்லை. மாத்திரை அங்கே போய்ச் சேராது. சிறுநீரகம் பாதித்தவர்கள் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் பல் மருத்துவமனைகளில் மாலையில்தான் கூட்டம். முடிந்தால் காலை டிபனும் வழக்கமான மாத்திரையும் முடித்துப் போகிற நேரமாகக் கேளுங்கள். மாலைதான் கிடைத்தால் கிளம்புமுன் இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். ராத்திரி இன்சுலினைச் சாப்பாடு தட்டில் வந்த பிறகே போடுங்கள். மரத்த வாய் தெளிய 2, 3 மணி நேரமாகும், அதுவரை மெல்ல முடியாது. பையில் 3 டீஸ்பூன் குளுக்கோஸ் இருக்கட்டும். சர்க்கரை 70க்குக் கீழே போனால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம்.

எச்சில் படாமல் பல்லைச் சுற்றிப் போடுகிற ரப்பர் விரிப்பான ரப்பர் டேம் மாட்டுவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எச்சில் உள்ளே போனால் சுத்தம் செய்ததெல்லாம் வீண். சீழ் இருந்தால் ஒரே உட்காரலில் முடிக்கச் சொல்லி நெருக்காதீர்கள். முதல் நாள் திறந்து, கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரைட் திரவத்தால் கழுவி, கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைப்பார்கள். ஒரு வாரம் கழித்து வலியும் கசிவும் இல்லை என்றால் வேரை நிரப்பலாம். கேப் செய்து வர மேலும் சில நாள் ஆகும். 3ஆம் நாள் தொடங்கினால் எல்லாம் நிதானமாக முடியும். 15ஆம் நாள் தொடங்கினால் தற்காலிக அடைப்போடுதான் விமானம் ஏற வேண்டியிருக்கும்.

மறுவீட்டுச் சொதியும் அல்வாவுமாகப் போகிற நாட்களில் குளுக்கோமீட்டரில் தினமும் பாருங்கள்.

கிளம்புமுன் முதல் எக்ஸ்ரே, நிரப்பிய பிறகு எடுத்த எக்ஸ்ரே, பல் எண், ஒவ்வொரு வேரின் நீளம் மில்லிமீட்டரில் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். 6 மாதம், 12 மாதம் கழித்து நீங்கள் இருக்கிற ஊரில் எடுக்கிற படத்தோடு ஒப்பிட்டால்தான் எலும்பு நிரம்புகிறதா என்று அங்கே உள்ள மருத்துவரால் சொல்ல முடியும்.