வான்கோமைசின்: டிரஃப்பா, ஏயூசியா?

வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் சிறுநீரகம் ஆளுக்கு ஒரு வேகத்தில் வெளியேற்றும். கடுமையான எம்ஆர்எஸ்ஏ (பல ஆன்டிபயாட்டிக்குக்குப் பணியாத ஸ்டாஃப் பாக்டீரியா) தொற்றில் இரத்த அளவு பார்த்தே டோஸ் போட வேண்டும். எதைப் பார்ப்பது?

இலக்கு
டிரஃப்: இரத்தத்தில் மருந்து மிகக் குறைந்திருக்கும் அளவு, அதாவது அடுத்த டோசுக்குச் சற்று முன், லிட்டருக்கு 15–20 மில்லிகிராம் (2009 அமெரிக்க வழிகாட்டி).
ஏயூசி: 24 மணி நேரத்தில் உடல் சந்திக்கும் மொத்த மருந்து, 400–600 மி.கி.·மணி/லிட்டர் (2020 திருத்தம்).

இரத்த மாதிரி
டிரஃப்: ஒன்று. வழக்கமாக நான்காவது டோஸ் வரை காத்திருக்க வேண்டும்.
ஏயூசி: இரண்டு. பேயீசியன் மென்பொருள் (நோயாளியின் விவரத்தையும் இரத்த அளவையும் சேர்த்து நிகழ்தகவு முறையில் கணிப்பது) இருந்தால் ஒன்றை வைத்தும் கணிக்கலாம், அதுவும் முதல் 24–48 மணி நேரத்துக்குள்.

சிறுநீரகத்துக்கு
டிரஃப் கைவிடப்பட்டதே இதனால்தான். ஒரே டிரஃப் உள்ள இருவருக்கு ஏயூசி வெகுவாக மாறுபடலாம். ஒருவருக்கு 12 இருந்தாலே ஏயூசி போதுமானதாக இருக்கும். எண்ணைத் துரத்தி 18-க்கு ஏற்றினால் சிறுநீரகம்தான் அடி வாங்கும்.

செலவு
டிரஃப் மலிவு, சந்தேகமில்லை.

கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த அளவு) ஆடுகிறதா, உடல் பருமனா, நாள்கணக்கில் மருந்து ஓடப்போகிறதா? ஏயூசி. மென்பொருள் இல்லையா? சரி, இரண்டு மாதிரியும் ஒரு கால்குலேட்டரும் போதும். சிறுநீரகம் நிலையாக இருந்து ஓரிரு நாளில் மருந்து நிற்கப்போகிறவருக்கு இந்தப் பாடு வேண்டாம்.