பிரிக்பீல்ட்ஸ் மாடி டியூஷன், ஸ்டாட்ஸுக்கு மட்டும் போனா போதும்

தம்பி பாரம் சிக்ஸ், மேத்ஸ் டி. எஸ்டிபிஎம், அதான் மலேசியாவுல யூனிவர்சிட்டிக்கு முன்னாடி எழுதற பரீட்சை, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், முதல் செமஸ்டர் அல்ஜிப்ரா, ரெண்டாவது கால்குலஸ், மூணாவது முழுக்க ஸ்டாட்ஸ், அதாவது புள்ளியியல். முதல் ரெண்டையும் அலட்டிக்காம போட்டவன் மூணாவதுல வந்து உக்காந்துட்டான், கணக்கு வருது ஆனா கேள்வி என்ன கேக்குதுன்னே புரியலன்னு ஒரே புலம்பல். ஆபீஸ்ல ஒரு அக்கா சொல்லித்தான் இந்த சென்டருக்கு கூட்டிட்டுப் போனேன், கேஎல் பிரிக்பீல்ட்ஸ்ல துன் சம்பந்தன் மோனோரெயில் ஸ்டேஷன்ல எறங்கி நடக்கற தூரம், கடை வரிசைக்கு மேல ரெண்டாவது மாடி, லிஃப்ட் கெடையாது. பின் பெஞ்சில வீட்டு ஆளுங்க உக்காந்து பாக்கலாம்னு சார் சொல்லிட்டாரு, அதனால இது தம்பி சொன்னத கேட்டு எழுதற ரிவியூ இல்ல, நானே உக்காந்து பாத்தது.

முதல்ல நல்லத சொல்லிடறேன். கிளாஸ் ஆரம்பிச்சா கேல்குலேட்டர தொடவே விடமாட்டாரு. கேள்விய படி, எக்ஸ்னா என்னன்னு ஒரு வரி எழுது, அது என்ன டிஸ்ட்ரிபியூஷன், அதாவது சான்ஸ் எப்படிப் பரவியிருக்குன்னு ஒரு வரி எழுது, என்ன கேக்கறான்னு ஒரு வரி, அதுக்கப்புறம்தான் மிச்சம். பாக்க சின்ன விஷயம் மாதிரிதான் இருக்கு, ஆனா பசங்க அங்கதான் விழறாங்க. எக்ஸ் = பழுதான பல்புன்னு எழுதினா சிவப்பு பேனாவால அடிச்சிருவாரு, 20 பல்புல பழுதானதோட எண்ணிக்கைன்னு எழுதணும், எண்ணா இல்லன்னா அது ரேண்டம் வேரியபிளே இல்ல. பைனோமியல்னு எழுதறதுக்கு முன்னாடி எத்தன தடவைன்னு முன்கூட்டியே தெரியுமா, ரெண்டே முடிவுதானா, ஒவ்வொரு தடவையும் சான்ஸ் (பி) மாறாம இருக்கா, ஒண்ணு இன்னொண்ண பாதிக்குதான்னு வாய்விட்டு சொல்லணும். குறைஞ்சது ஒரு பல்பாவது பழுதா இருக்க சான்ஸ்னு கேட்டா 1, 2, 3ன்னு 20 வரைக்கும் கூட்ட ஆரம்பிச்ச பையன நிறுத்தி, ஒண்ணுமே பழுதில்லாத சான்ஸ ஒண்ணுல இருந்து கழின்னாரு, பி 0.1ன்னா 0.9ஓட 20ஆவது அடுக்கு 0.1216, விடை 0.8784, முடிஞ்சது கதை.

எனக்கு ரொம்பப் புடிச்சது ஹைப்போதெஸிஸ் டெஸ்ட், அதாவது ஒருத்தர் சொல்றத டேட்டாவ வச்சு சோதிக்கறது, ஆரம்பிச்ச அன்னிக்கு. ஒரு பையன் இழுத்து ஆத்தின தே எது, கரண்டியில கலக்கின தே எது, குடிச்சே சொல்லிருவேன்னு பீத்திக்கிட்டான். சார் விடல, கீழ இருக்கற கடைக்கு ஆள் அனுப்பி 8 கப் வாங்கிட்டு வர சொன்னாரு, 4 ஆத்தினது, 4 கலக்கினது, நுரைய எல்லாத்துலயும் எடுத்துட்டு வரிசைய கலைச்சு வச்சாரு. இது ரொனால்ட் ஃபிஷர் சொன்ன பழைய டெஸ்ட்தான், கப்புல பால் முதல்ல ஊத்துனதா தேத்தண்ணி முதல்ல ஊத்துனதான்னு குடிச்சே சொல்லுவேன்னு ஒரு அம்மா சொன்னத வச்சு அவரு 1935ல எழுதினது, அதிலயும் 8 கப்தான். நம்ம பையன் ஆத்தினது இந்த நாலுன்னு எடுத்து வச்சான், அதுல மூணு சரி. கிளாஸே கைதட்டுச்சு. சார் போர்டுல போட்டாரு: 8ல 4ஐ எடுக்க 70 வழி, நாலும் சரியா வர ஒரே வழி, மூணு சரி ஒண்ணு தப்புக்கு 16 வழி, ஆக சும்மா கண்ண மூடிட்டு எடுத்தாலும் மூணோ அதுக்கு மேலயோ வர 70ல 17, கிட்டத்தட்ட 24 பெர்சன்ட். "தம்பி, நாக்கே இல்லாதவன் நாலு பேரு வந்தா அதுல ஒருத்தன் உன் அளவுக்கு சொல்லிருவான் போலயே"ன்னாரு. நாலும் சரின்னா 70ல 1, அது 1.43 பெர்சன்ட், அஞ்சு பெர்சன்டுக்குக் கீழ, அதனால எச் ஜீரோவ, அதாவது இவன் சும்மா குத்துமதிப்பா சொல்றான்ங்கற எடுகோள, தூக்கிப் போடலாம். ஆனா மூணு சரின்னதுக்காக அவனுக்கு டேஸ்ட் தெரியாதுன்னும் சொல்ல முடியாது, தெரியும்னு சொல்ல ஆதாரம் பத்தல, அவ்வளவுதான். இந்த கடைசி வரிய மட்டும் அன்னிக்கு அரை மணி நேரம் இழுத்தாரு. எச் ஜீரோ உண்மைன்னு நிரூபிச்சாச்சுன்னு முடிவு எழுதறவனுக்கு அவரு கிளாஸ்ல மார்க் கட்டு.

உடனே ஒரு பொண்ணு இது பைனோமியல்தானே சார்னு கேட்டுச்சு. இல்லம்மா, நாலுக்கு நாலுன்னு அவனுக்கு முன்னாடியே தெரியும்ல, ஒண்ண எடுத்தா அடுத்ததோட சான்ஸ் மாறிடும், ஒவ்வொரு கப்புக்கும் காசு சுண்டிப் போட்டு முடிவு பண்ணியிருந்தா பைனோமியல், அப்போ 8ல 7 இல்ல 8 சரியா வர 256ல 9, 3.5 பெர்சன்ட்னாரு. ஸ்கூல் நோட்ஸ்ல இதெல்லாம் எவனும் எழுத மாட்டான் லா.

அப்புறம் முறுக்கு கணக்கு. பாக்கெட் சராசரி 250 கிராம்னு கம்பெனி சொல்லுது, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 6, 36 பாக்கெட் எடுத்து நிறுத்தா சராசரி 248.2. எடை குறைஞ்சிருக்கான்னு கேட்டா ஒரு வால், அதாவது ஒரு பக்கம் மட்டும் பாக்கணும், மாறியிருக்கான்னு கேட்டா ரெண்டு வால், ரெண்டு பக்கமும் பாக்கணும். வித்தியாசத்த 6/√36ஆல வகுத்தா ஸெட்ங்கற எண் மைனஸ் 1.8 வருது, அஞ்சு பெர்சன்ட்ல ஒரு வாலுக்கு எல்லை மைனஸ் 1.645, அதனால 250ங்கறது ரிஜெக்ட், ரெண்டு வாலுக்கு 1.96, அதனால ரிஜெக்ட் இல்ல. அதே முறுக்கு, அதே தராசு, கேள்வியில ஒரு வார்த்தை மாறினா முடிவே தலைகீழ். டேட்டாவ பாத்துட்டு வால் முடிவு பண்றது கள்ளாட்டம்னு திட்டுவாரு. இதுல 36ஓட ரூட்டால 6ஐ வகுக்க மறந்து மைனஸ் 0.3ன்னு போட்டவங்கதான் கிளாஸ்ல பாதி பேரு, தம்பியும் சேத்துத்தான்.

பாரம் ஃபைவ் முடிவுல எழுதற எஸ்பிஎம் பரீட்சைக்கு ஆட்மேத்ஸ் படிக்கற பசங்களுக்கும் சனிக்கிழமை காலையில கிளாஸ் இருக்கு, அவங்களுக்கு பைனோமியல், நார்மல் ரெண்டும்தான் பெரிசு. அங்க அவரு சொன்ன ஒரு விஷயம் எல்லா வீட்டுக்கும் உதவும். பரீட்சையில குடுக்கற நார்மல் டேபிள்ல க்யூன்னா வலது பக்க வால், 1.5க்கு 0.0668. ஆனா நிறைய பசங்க வச்சிருக்கற கேசியோ 570 எம்எஸ் கேல்குலேட்டர்ல க்யூன்னு அழுத்தினா நடுவுல இருந்து அது வரைக்கும் உள்ள பரப்பு, 0.4332 காட்டும், டேபிளோட க்யூ வேணும்னா அதுல ஆர் அழுத்தணும். புள்ள நல்லா படிச்சும் நார்மல் கணக்குல மட்டும் மார்க் போகுதுன்னா முதல்ல இத பாருங்க.

இப்ப குறை. பாய்சான் டிஸ்ட்ரிபியூஷன ரெண்டே கிளாஸ்ல ஓட்டிட்டாரு, கை-ஸ்குவேர் டெஸ்ட் இன்னும் மோசம், நோட்ஸ ஜெராக்ஸ் போட்டு கையில குடுத்து படிச்சுக்கங்கன்னுட்டாரு, அந்த ஜெராக்ஸ்ல அடுக்கு எது, கீழ எழுதற சின்ன எண் எது, ஒண்ணும் தெரியல. டிகிரி ஆஃப் ஃப்ரீடம் ஏன் ஒண்ணு கொறையுதுன்னு தம்பி கேட்டதுக்கு அடுத்த வாரம்னாரு, அந்த அடுத்த வாரம் வரவே இல்ல. பரீட்சை நெருங்கினா புது ஆளுங்கள சேத்துக்கிட்டே போறாரு, பின் பெஞ்சு எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இல்ல, பசங்களுக்கே பத்தல. வாட்ஸ்அப்ல சந்தேகம் கேட்டா நீல டிக் வரும், பதில் வராது. ஏர்கான் குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க, நெசமாத்தான் சொல்றேன்.

காடி எடுத்துட்டுப் போறவங்க யோசிச்சுக்கங்க. பிரிக்பீல்ட்ஸ்ல பார்க்கிங் எப்பவுமே தலைவலி, தீபாவளி நேரத்துல லிட்டில் இந்தியா பக்கம் திரும்பவே முடியாது, கேஎல் சென்ட்ரல்ல எறங்கி நடந்து வந்துருங்க.

மாசம் 120 வெள்ளி (ரிங்கிட்), ஸ்டாட்ஸுக்கு மட்டும்னு பாத்தா அதிகம்னு அம்மா இன்னும் சொல்லிட்டு இருக்காங்க. எனக்கு அப்படித் தோணல, ஏன்னா தம்பி இப்ப கேள்விய படிச்சிட்டு பேனாவ கீழ வச்சு யோசிக்கிறான், முன்ன நேரா கேல்குலேட்டருக்குத்தான் கை போகும். ஆனா கால்குலஸுக்கும் இதே சென்டர்ல போடலாமான்னு கேட்டா வேணாம், அந்த கிளாஸ் வேற ஆளு எடுக்கறாரு, ஒரு நாள் பாத்தேன், போர்ட பாத்து எழுதிட்டே போறாரு, அவ்வளவுதான். அஞ்சுக்கு நாலு. சேரறதுன்னா செமஸ்டர் ஆரம்பத்துலயே சேருங்க, முதல் கிளாஸ் ஃப்ரீ, கேல்குலேட்டரோட மேனுவலையும் கையோட எடுத்துட்டு வர சொல்லுவாரு.