மெரைன் டிரைவில் சைக்கிள்: மூன்று வருடத்துக்கு மேல் ஓடிய பிறகு

2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டு, எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் முறை வந்த நாட்களில் கொழும்பில் ஆளாளுக்குச் சைக்கிள் தேடி அலைந்தார்கள். விலையும் கண்டபடி ஏறிக் கிடந்தது. நான் வாங்கியதும் அப்போதுதான். வரிசைகள் ஓய்ந்ததும் பலர் இறங்கிவிட்டார்கள்; நான் இன்னும் ஓடுகிறேன். கியர் வைத்த சாதாரண அலுமினியச் சைக்கிள், வெள்ளவத்தையில் வீடு, ஐம்பதை நெருங்கும் வயது. இதை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள்.

எடை குறையும் என்று நம்பி வாங்குபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பெரிதாகக் குறையவில்லை. ஓடிவிட்டு வந்து இடியப்பமும் சொதியும் சம்பலுமாக வெட்டினால் எப்படிக் குறையும்? மாறியது வேறு விஷயங்கள். லிஃப்ட் வேலை செய்யாத நாளிலும் மாடிப்படி ஏறி முடித்ததும் மூச்சிரைக்காமல் பேச முடிகிறது. இரவில் படுத்தால் தூக்கம் வருகிறது. பிரஷர் குளிசை அதே குளிசைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டிக்கொண்டிருந்த டொக்டர் அப்படிக் கூட்டுவதை நிறுத்தியிருக்கிறார்.

முழங்காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முன்பு காலையில் நடப்பேன். வேகமாக நடந்தால் முழங்கால் குத்தும். சைக்கிளில் உடம்புப் பாரத்தைச் சீட் தாங்குவதால் அந்த அதிர்ச்சி இல்லை. ஆனால் சீட் உயரம் சரியாக இருக்க வேண்டும். பெடல் அடியில் நிற்கும்போது கால் கிட்டத்தட்ட நீண்டு, முழங்கால் சற்றே மடிந்திருந்தால் சரி. நம்மவர்கள் இரண்டு பாதமும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டைப் பதித்து வைத்துவிட்டு, சைக்கிளால் முழங்கால் நோகிறது என்பார்கள். பாரமான கியரில் அழுத்தி மிதிப்பதும் அப்படித்தான். இலேசான கியரில் விரைவாகச் சுற்றுவதே மூட்டுக்கு நல்லது.

ஒரு குறையும் இருக்கிறது. உடம்பின் பாரம் கால்களில் இறங்காததால் எலும்பு வலுவாக இது பெரிதாக உதவாது. அதற்காக நடையை நான் முற்றாக விடவில்லை.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடக்கும்போது அந்தக் கணக்கை முடிப்பது பெரிய பாடு, மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். வெள்ளவத்தையிலிருந்து காலிமுகத்திடல் போய் வந்தால் ஏறத்தாழ 12 கிலோமீற்றர், ஆறுதலாக ஓடினால் முக்கால் மணி நேரம். கிழமையில் நான்கு காலை ஓடினாலே கணக்குத் தாண்டிவிடும். நான் ஓடும் கடலோர வீதியான மெரைன் டிரைவில் ஒருபுறம் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். பாணந்துறைப் பக்கமிருந்து வரும் ரயிலில் கதவோடு தொங்கும் கூட்டத்தைப் பார்த்தபடி மிதிக்கும்போது, உடற்பயிற்சி செய்கிறேன் என்ற நினைப்பே வருவதில்லை. இத்தனை காலம் விடாமல் ஓடியதற்கு என் மனவுறுதி காரணமில்லை, இந்த வீதிதான் காரணம்.

கொழும்பில் ஏற்றம் இல்லையே, இது என்ன பயிற்சி என்று கேட்பவர்கள் மே முதல் செப்டெம்பர் வரை வந்து பார்க்கலாம். தென்மேற்குக் காற்று போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். திரும்பும்போது கொள்ளுப்பிட்டி தாண்டியதும் தொடை எரியும்.

காலி வீதியை மட்டும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு தரிப்பிடத்துக்கு வெட்டும் இடத்தில் சைக்கிளுக்கு என்ன இடம்? போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களிலும் ஞாயிறு காலைகளிலும் நாவல பக்கமாகப் பத்தரமுல்லைக்குப் போய் தியவன்னா ஓயாவைச் சுற்றலாம். நீர்க்காகங்களையும் காணலாம்.

பராமரிப்பில் எதிரி உப்புக் காற்றுதான். சட்டம் அலுமினியம் என்றாலும் செயினும் கம்பிகளும் இரும்புதானே. நான் போகும் திருத்துநர் செயினை விரலால் தடவிக் கறுப்புப் பசையைக் காட்டிச் சொன்னார்: "அண்ணை, துடைக்காமல் எண்ணெய் மட்டும் விட்டால் மண்ணும் சேர்ந்து அரைக்கும்." அன்றிலிருந்து முதலில் பழந்துணி, பிறகுதான் எண்ணெய், அதுவும் சில துளிகள். மேலே வழிந்ததையும் துடைத்துவிட வேண்டும். சீட்டைப் பொறுத்தவரை, சோபா மாதிரி அகலமான மெத்தைச் சீட் கடையில் சுகமாக இருக்கும், அரை மணி தாண்டினால் தொடையை உரசும். நான் ஒடுங்கிய சீட்டுக்கு மாறிவிட்டேன். மட்கார்ட் இல்லாத சைக்கிளை, ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழையை நினைத்து, வாங்காதீர்கள்.

புதிதுதான் வேண்டும் என்றில்லை. பாவிக்காமல் பல்கனியில் கிடக்கும் சைக்கிள்கள் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாடிவீடுகளில் நிறைய உண்டு. பெயின்ற் மினுக்கத்தில் மயங்காமல், டயரின் பக்கச்சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக்கைப் பிடித்து விட்டுக் கம்பி இறுகாமல் திரும்புகிறதா என்று பாருங்கள். றிம் இரும்பா அலுமினியமா என்பதையும் கேளுங்கள், இரும்பு றிம்மில் மழைக்குப் பிரேக் சரியாகப் பிடிக்காது. டயரும் பிரேக் கம்பியும் மாற்றுவது பெரிய வேலையில்லை. அதைக் காட்டியே விலையைக் குறைக்கலாம்.