3,40,000 ரூபாய் போச்சு: "முதலீட்டு வகுப்பு" குழுவுல இருக்கறவங்க உடனே படிங்க

போனது 3,40,000 ரூபாய். நான் கொப்பரை வித்த காசு. போய் இன்னிக்கு நாலாவது நாள். கேரளா எல்லையில கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், பொள்ளாச்சிப் பக்கம் இருக்கறவங்க அவசியம் படிங்க. நடந்ததை முதல்ல சொல்லிடறேன், எப்படித் தப்பிக்கறதுன்னு கடைசியில விவரமா எழுதறேன்.

"முதலீட்டு வகுப்பு"ங்கறது செல்போன் செயலியில ஓடற ஒரு குழு, 160 பேர். தினம் காலை 8:45க்கு ஒரு பாடம். முதல் மூணு வாரம் வந்ததெல்லாம் சரியான பாடம். ஆறு மாசச் செலவுக்குக் காசு தனியா வைங்க, டெர்ம் இன்சூரன்ஸ் எடுங்க, கிரெடிட் கார்டுல மினிமம் மட்டும் கட்டாதீங்க. ஒத்த ரூபாய் கேக்கல. அந்த நல்ல ஆலோசனைதான் தூண்டில். தனி மெசேஜ்ல ஒரு "உதவியாளர்" வேற, தமிழும் மலையாளமும் கலந்து, "சாப்டாச்சா அண்ணா, தேங்கா என்ன விலை போகுது"ன்னு.

அப்புறம் டிரேடிங் ஆப். பிளே ஸ்டோர்ல கிடையாது, லிங்க்ல வந்த ஏபிகே ஃபைல், அதாவது போன்ல நேரா ஏத்தற ஆப் ஃபைல். 5,000 போட்டா ரெண்டு நாள்ல 6,200 காட்டுச்சு. "எடுத்துப் பாருங்க அண்ணா"ன்னாங்க. எடுத்தா பேங்க்ல 6,200 வந்து நிக்குது! நம்பிக்கை முழுசா விழுந்தது அந்த நிமிஷம்தான். அவங்களுக்கு ஆன செலவு 1,200 ரூபாய்.

அடுத்து யுபிஐல 40,000, பிறகு 1,00,000. "இன்ஸ்டிட்யூஷனல் கோட்டா"வுல (பெரிய நிறுவனங்களுக்கு ஒதுக்கற பங்காம்) ஐபிஓ, அதாவது புதுசா சந்தைக்கு வர்ற கம்பெனிப் பங்கு, கேட்டதை விட நாலு மடங்கு அலாட் ஆயிடுச்சு, மீதி கட்டலேன்னா கணக்கு முடங்கிடும்னு மிரட்டல். ஐஎம்பிஎஸ்ல (பேங்க்ல இருந்து உடனே போற டிரான்ஸ்ஃபர்) 1,50,000, இன்னொரு 50,000. மொத்தம் 3,40,000.

இதுல ஒண்ணுகூட நடக்கற காரியமில்ல. ஐபிஓவுக்கு விண்ணப்பிச்சா காசு நம்ம கணக்குலயே பிளாக் ஆகி நிக்கும், அலாட் ஆனாத்தான் போகும். கேட்டதுக்கு மேல ஒரு பங்குகூட விழாது. நிஜமான டீமேட் எண், அதாவது நம்ம பங்கு இருக்கற கணக்கோட எண், 16 இலக்கம்; என்எஸ்டிஎல்ங்கற அமைப்புல இருக்கற கணக்குன்னா முதல் ரெண்டு இடம் IN-ங்கற எழுத்து. அந்த ஆப்ல இருந்தது 8 இலக்க ஐடி. நாலு தடவை காசு போனதும் நாலு கரன்ட் அக்கவுண்ட், நாலு பேர்: ஒண்ணு டிரேடர்ஸ், ஒண்ணு டெக்ஸ்டைல்ஸ். எந்தப் புரோக்கரும் ஜவுளிக்கடை பேர்ல காசு வாங்க மாட்டான்.

ஆப்ல 11,86,000 காட்டுச்சு. எடுக்கப் போனா, லாபம் 8,46,000க்கு 20 சதவீத வரி 1,69,200 முதல்ல கட்டணுமாம். குறுகிய கால லாபத்துக்கு 20 சதவீதம்ங்கறது உண்மைதான், அதனாலதான் நம்பத் தோணும். ஆனா அதை வருமான வரித் துறைக்கு நாமதான் கட்டுவோம், புரோக்கருக்கு அனுப்பற வழக்கமே கிடையாது. கட்டலேன்னதும் "ஆடிட்டர் பாக்கறார்", "24 மணி நேரம் பொறுங்க", அப்புறம் பதிலே இல்ல.

பேங்க்ல, "நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பினது, நாங்க என்ன பண்றது"ங்கறாங்க. எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளா போலீஸ் ஸ்டேஷன்ல, சிம் தமிழ்நாட்டுது, அங்க போங்கங்கறாங்க. அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்குப் போனா, பேங்க் கணக்கு கேரளா, அங்கயே புகார் கொடுங்கங்கறாங்க. இப்படியே ஒரு நாள் முழுக்கப் போச்சு. அந்த ஒரு நாள்ல காசு எத்தனை கணக்கு தாண்டியிருக்கும்! 3,40,000 ரூபாய்!

விவரமா எழுத இப்போ கை ஓடல. இதை மட்டும் பிடிச்சுக்கோங்க:

காசு போன நிமிஷமே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிங்க. ரெண்டு மாநிலத்துலயும் அதே நம்பர்தான். யுபிஐ, ஐஎம்பிஎஸ்னா அந்தப் பரிவர்த்தனையோட 12 இலக்க எண்ணைக் கையில வச்சுக்கோங்க, அதை வச்சுத்தான் போன கணக்கை முடக்குவாங்க. ஸ்டேஷன் ஸ்டேஷனா அலையறது அதுக்கப்புறம்.

முதலீட்டு ஆலோசகர்னா ஐஎன்ஏ (INA), பங்கு ஆய்வாளர்னா ஐஎன்ஹெச் (INH)னு ஆரம்பிக்கற செபி எண் இருக்கணும்; செபிங்கறது பங்குச் சந்தையைக் கண்காணிக்கற அமைப்பு. எண் மட்டும் பத்தாது, அடுத்தவங்க எண்ணைத் திருடிப் போடறாங்க. செபி தளத்துல அந்த எண்ணுக்கு எதிர்ல இருக்கற மெயிலுக்கு எழுதிக் கேளுங்க.

ஆப்பை அழிக்கறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. குழுவுல, தனியா வந்த மெசேஜையும் அழிக்காதீங்க.

குழு இன்னும் ஓடுது. இன்னிக்குக் காலை 8:45க்கு பக்கத்து வீட்டு அக்கா போன்ல பாத்தேன், டெர்ம் இன்சூரன்ஸ் பாடம் போட்டிருக்காங்க.