திருகோணமலையில பல்லு வெள்ளையாக்கினது: லண்டன் விலையும் ஊர் விலையும்

இந்த ஆகஸ்ட் அக்கான்ர மகளின்ர கலியாணத்துக்கு திருகோணமலைக்குப் போய் அஞ்சு கிழமை நிண்டனான். போக முந்தியே பல்லையும் வெள்ளையாக்கிக்கொண்டு வாறது எண்டு முடிவெடுத்திருந்தனான், ஏனெண்டா லண்டன்ல நான் வழமையா போற இடத்தில வீட்டில வச்சுச் செய்யிற ட்ரே செட் (பல்லு அச்சுக்கு ஏத்த மாதிரிச் செய்த ட்ரேக்குள்ள ஜெல் விட்டுப் பல்லில போடுறது) 320 பவுண்ஸ், கதிரையில படுக்க வச்சு ஒரேயடியா செய்யிறது 550 பவுண்ஸ் எண்டு சொல்லிச்சினம். என்எச்எஸ்ஸில, அதுதான் பிரித்தானியாவின்ர அரச மருத்துவ சேவையில, இது கிடைக்காது, வடிவுக்குச் செய்யிற வேலை எண்டு அவை எடுக்கமாட்டினம். ஊரில நாலஞ்சு இடத்தில விசாரிச்சதை அப்பிடியே எழுதுறன், இனி ஊருக்குப் போற ஆக்களுக்கு உதவும்.

முதல் விலை தேடாமலே வந்தது. கலியாண மேக்கப் புக் பண்ணப் போன சலூன்ல அந்தப் பிள்ளை "அக்கா, பல்லும் செய்யலாம், 9,000 ரூபாதான், ஒரு மணித்தியாலத்தில முடிஞ்சிடும்" எண்டா. அப்ப ஒரு பவுண் கிட்டத்தட்ட 400 ரூபா, 22, 23 பவுண்ஸ்தான் வருது. பல்லை வெளுக்க வைக்கிற ஜெல்லில பெரொக்சைட் எத்தினை வீதம் எண்டு கேட்டன், அவவுக்குத் தெரியேல்ல. காட்டுங்கோ பாப்பம் எண்டு கேட்டா, ஜன்னல் கட்டில நல்லா வெயில் படுற இடத்தில ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள்ள அந்த ஜெல் ஊசியள் கிடக்குது, லேபல் பாதி உரிஞ்சுபோய் திகதி வாசிக்கேலாது. பெரொக்சைட் சூட்டில கெட்டுப்போற சாமான். அதில இருந்து வாற ஒட்சிசன் பல்லுக்குள்ள போய்க் கறையை உடைக்கிறதாலதான் பல்லு வெளுக்கிறதே, அதே சாமான் கடும் பவரா முரசில பட்டா முரசு வெந்துபோயிடும், அதாலதான் டொக்டர்மார் முதல்ல முரசு ஓரம் ஒரு பசை பூசி லைட் அடிச்சு இறுக வச்சிட்டுத்தான் ஜெல்லில கை வைப்பினம். பிரித்தானியாவில 0.1 வீதத்துக்கு மேல பெரொக்சைட் இருந்தா பதிவுள்ள பல் வைத்திய ஆக்களைத் தவிர வேற ஆரும் செய்யேலாது, அவைக்கும் 6 வீதம்தான் மேல் எல்லை, 18 வயசுக்குக் குறைஞ்ச ஆக்களுக்கு வெறும் வடிவுக்காகச் செய்யவே கூடாது. அங்க சட்டம் விடாத வேலையை இஞ்ச வந்து மலிவு எண்டு ஏன் செய்யோணும், நான் எழும்பி வந்திட்டன். பொம்பிளையின்ர சிநேகிதி ஒருத்தி வேற ஒரு இடத்தில இப்பிடிச் செய்துபோட்டு வந்து, முரசு ஓரம் வெள்ளையா வெந்து, கலியாணச் சாப்பாட்டில ரசம் கூட வாயில வைக்கேலாம இருந்தவா. அந்தப் பிள்ளையைப் பாக்க எனக்கு நெஞ்சு பத்திச்சு.

பிறகு அக்கா போற ஒரு பல் டொக்டரிட்டப் போனனான், உவர்மலைப் பக்கம். பகல்ல கவுமெண்ட் ஆஸ்பத்திரி வேலை, பின்னேரம் நாலரைக்குப் பிறகு சொந்தக் கிளினிக், நம்பர் எடுத்துக்கொண்டு இருக்கோணும், எனக்கு ஏழாம் நம்பர். பேராதனையில படிச்ச பிள்ளை, என்னைவிட பத்து வயசாவது குறைவா இருக்கும். அவ மேல இருந்த லைட்டை நிப்பாட்டிப்போட்டு என்னை எழுப்பி வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், பதினாறு நிறத்தில நிரையா குத்தி வச்ச பல்லுகள் இருக்கிற ஒரு பட்டியை என்ர முன்பல்லோட ஒவ்வொண்டா ஒட்டி ஒட்டிப் பாத்தா. அந்தப் பட்டியில என்ர நிறம் ஏ3 எண்டு கார்ட்டில எழுதினா. பிறகு சொன்னா, "அக்கா, இதில பாதி தேத்தண்ணிக் கறையும் காரையும்தான். முதல்ல கிளீன் பண்ணுவம், ஒரு கிழமை போகட்டும், அதுக்குப் பிறகு வெள்ளையாக்கிறது வேணுமோ எண்டு நீங்களே சொல்லுங்கோ." கிளீனிங் 4,500 ரூபா, 11 பவுண்ஸ் சொச்சம். கையில காசோட வந்த ஆளுக்கு 40,000 ரூபாக்கு வெள்ளையாக்கிற வேலையை விட்டிட்டு 4,500 ரூபா வேலையைச் சொன்னா பாருங்கோ, அதிலதான் எனக்கு நம்பிக்கை வந்தது. இங்கிலாந்தில 2025 ஏப்ரலில என்எச்எஸ் முதலாம் பாண்ட், அதாவது ஆகக் குறைஞ்ச கட்டணப் படி, 27.40 பவுண்ஸா இருந்தது, தேவை எண்டு டொக்டர் நினைச்சா கிளீனிங்கும் அதுக்குள்ள வரும், ஆனா என்எச்எஸ் ஆள் எடுக்கிற இடம் கிடைக்கிறதுதான் பெரும்பாடு.

கலியாணத்துக்கு அந்தக் கிளீனிங்கோடதான் நிண்டனான், படத்தில பல்லு நல்லாத்தான் விழுந்திருக்கு. சனத்தில பாதிப் பேருக்கு அதுவே போதும் எண்டு இப்ப நினைக்கிறன்.

இன்னும் கொஞ்சம் வெளுத்தா நல்லம் எண்டு கலியாணம் முடிஞ்சு திருப்பிப் போனன். அங்க ட்ரே செட் 28,000, கதிரையில செய்யிறது 40,000. கொழும்பில ஒரு கிளினிக்குக்கு போன் அடிச்சா நீல லைட்டோட 65,000 எண்டிச்சினம், அதுக்கு மேல 260 கிலோமீற்றர் போய் வாற செலவும் ரெண்டு நாளும். லைட்டைப் பற்றி டொக்டரிட்டக் கேட்டன். வேலையைச் செய்யிறது ஜெல்தான், லைட்டால பெரிசா கூடுறதில்லை எண்டா. கதிரையால எழும்பின உடன தெரியிற அந்தப் பளீர் வெள்ளையில ஒரு பங்கு பல்லு காஞ்சதால வாறதாம், உண்மையான நிறம் நிண்டு பிடிக்க ரெண்டு கிழமை செல்லுமாம். அதால ட்ரேதான் எடுத்தன்.

ரோஸ் நிறத்தில ஒரு மா மாதிரிச் சாமானை வாயில வச்சு அச்சு எடுத்து, நாலு நாளில மெல்லிய கண்ணாடி மாதிரி ரெண்டு ட்ரே வந்திட்டு. 10 வீத காபமைட் பெரொக்சைட், அது கிட்டத்தட்ட 3.5 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டுக்குச் சமன், இரவில போட்டுக்கொண்டு படுக்கிறது, ரெண்டு கிழமை. ஜெல்லை அக்கான்ர ஃபிரிட்ஜில மீன் பெட்டிக்கு மேல் தட்டில வச்சிருந்தனான். நாலாம் நாள் குளிர்தண்ணி குடிக்க பல்லு மின்னலடிச்ச மாதிரிக் கூசிச்சு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கோ, பொட்டாசியம் நைட்ரேட் இருக்கிற பற்பசை பாவியுங்கோ எண்டு வட்சப்பில சொன்னா, அடங்கிச்சு.

இன்னொரு செலவை ஒருத்தரும் முதல்ல சொல்லமாட்டினம். எனக்கு மேல்பல்லு ஒண்டு கேப் (பல்லுக்கு மேல மாட்டுற உறை) போட்டது, 2016இல லண்டன்ல செய்தது. கேப்பும் ஃபில்லிங்கும் எந்த ஜெல்லுக்கும் வெளுக்காது. மற்றப் பல்லுகளை ஆசைக்கு வெளுக்க விட்டா கேப் மட்டும் மஞ்சளாத் தெரியும், பிறகு அதை மாத்த 2025இல என்எச்எஸ்ஸிலயே 326.70 பவுண்ஸா இருந்தது. அதால என்ர கேப்பின்ர நிறத்தை முதலே பட்டியோட வச்சுப் பாத்து, என்ர பல்லு கேப்பின்ர நிறமான ஏ2க்கு (ஏ3ஐ விட வெளுப்பு) வந்த உடன நிப்பாட்டச் சொன்னா. அநுராதபுரத்துப் பக்கம் கிணத்துத் தண்ணி குடிச்சு வளர்ந்த என்ர மச்சானுக்கு அவ இதைச் செய்யவே இல்லை, அவருக்கு இருக்கிறது தண்ணியில இருக்கிற புளோரைட்டால வந்த திட்டு, வெளுக்க வச்சா திட்டு இன்னும் எடுப்பாத் தெரியலாமாம், அதுக்கு வேற வைத்தியமாம்.

எல்லாம் சேத்து 32,500 ரூபா, 81 பவுண்ஸ். ட்ரே என்னட்ட இருக்கு. ஆனா மூண்டு கிழமையாவது ஊரில நிக்கிறதெண்டாத்தான் இதைத் தொடங்கோணும், பத்து நாளில திரும்புற ஆக்கள் கிளீனிங்கை மட்டும் செய்துகொண்டு வாங்கோ.

அம்மா நாப்பது வருசமா வெத்திலை போடுறவா. என்ர பல்லைப் பாத்திட்டு "எனக்கும் அந்தப் பிள்ளையிட்டக் கேளன்" எண்டா. தை மாசம் அக்கா கூட்டிக்கொண்டு போறா, கிளீனிங் மட்டும், காசு நான் குடுத்திட்டு வந்திட்டன்.